மணிமேகலையை ஏன் விட்டுவிட்டார்கள்? நாவல் திரைப்படமாவதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

மட்டக்களப்பின் கல்லடியில் சனிக்கிழமைப் பிற்பகல்களில் நாங்கள் நடத்தும் சிறு வாசிப்பு வட்டத்துக்கு, 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு நாள், பதினோராம் தரத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி நூலக முத்திரை குத்திய, கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் ஐந்தாம் பாகத்தோடு வந்தாள். அந்த நாவலை மணிரத்னம் இரண்டு படங்களாக எடுத்ததில் இரண்டாவது ஏப்ரல் 28இல் வெளியாகியிருந்தது. படத்தைப் பார்த்த பின்னர்தான் அவள் நாவலை எடுத்திருந்தாள். ஐந்து பாகங்களையும் இரண்டு மாதத்துக்குள் முடித்திருந்தாள். உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதற் கேள்வி, “மணிமேகலையை எங்க சேர் விட்டுட்டாங்க?” என்பதுதான். நாவலில் வரும் மணிமேகலை என்ற பெண் படத்தில் இல்லவே இல்லை. அவளது குரலில் இருந்தது ஏமாற்றம்கூட அல்ல. தெரிந்த வீடொன்றுக்குப் போய், அங்கே இருக்க வேண்டிய ஒருவரைக் காணாமல் திரும்பி வந்தவரின் கலக்கம்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. “படத்தில் எல்லாவற்றையும் வைக்க முடியாது, பிள்ளை” என்று சொல்லிக் கடந்துவிட்டேன். அது பொய்யன்று, ஆனாலும் விளக்கமும் அன்று. நல்ல நாவலொன்று படமாகும்போது என்ன நடக்கிறது, எது தவிர்க்க முடியாமல் மாறுகிறது, எது மாறியிருக்க வேண்டியதில்லை என்பவற்றைப் புதிதாக வாசிக்கத் தொடங்குபவர்களுக்கும் புரியும்படி இங்கே எழுத முயல்கிறேன்.

ஒரு படைப்பை வேறொரு கலைவடிவத்துக்குக் கொண்டுபோவதைத் தமிழில் தழுவல் என்கிறோம். அழகான சொல் அது. தழுவுகிறவர் தழுவப்படுகிறவராக ஆகிவிடுவதில்லை. இருவரும் இருவராகவே நிற்க, இடையில் ஒரு நெருக்கம் மட்டும் உண்டாகிறது. சில படங்கள் நாவலின் நிகழ்ச்சிகளையும் பாத்திரங்களையும் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. சில படங்கள் ஒரு பகுதியை மட்டும் எடுக்கின்றன. இன்னும் சில, நாவலின் கருவொன்றை மட்டும் விதையாகக் கொண்டு வேறொரு மரத்தை வளர்க்கின்றன; மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து அவ்வாறு கிளம்பியதுதான். மூன்றையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால், பாதி வாக்குவாதம் குறைந்துவிடும்.

முதலாவது தடை நேரம். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது படத்துறையில் பரவலாகப் பயன்படும் கணக்கு. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வந்த கதை; 290க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள், நூலாக 2,000 பக்கங்களுக்கு மேல். படங்கள் இரண்டும் தனித்தனியே ஏறத்தாழ இரண்டே முக்கால் மணிநேரம் ஓடுகின்றன. அதாவது 2,000 பக்கங்கள் 330 பக்கங்களுக்குள் அடங்க வேண்டும். எதையும் விடாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சினிமாவின் மௌன காலத்திலேயே ஒரு சாட்சி உண்டு. எரிக் வான் ஸ்ட்ரோஹைம் என்ற இயக்குநர், ஃபிராங்க் நோரிஸ் 1899இல் எழுதிய ‘மெக்டீக்’ நாவலை வரிக்கு வரி எடுப்பதுபோல் எடுத்து, எட்டு மணிநேரமளவு நீண்ட ஒரு படத்தைச் செய்தார். தயாரிப்பு நிறுவனம் அதை இரண்டேகால் மணிநேரமளவுக்கு வெட்டி 1924இல் ‘கிரீட்’ என்ற பெயரில் வெளியிட்டது. வெட்டியெடுத்த சுருள்கள் அழிந்துபோயின. எதையும் விட மனமில்லாத ஒருவரின் உழைப்பில் பெரும்பகுதி இப்போது யாரும் பார்க்க முடியாததாகிவிட்டது.

நேரத்தைவிட ஆழமான தடை இன்னொன்று உண்டு. அதைத்தான் தொடக்க வாசகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இதை நமது கரையிலிருந்தே ஒரு சிறு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாவலாசிரியர் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘கணவன் கடலுக்குப் போன ஒவ்வோர் இரவும் பாக்கியம் விழித்தே இருந்தாள்.’ ஒரே ஒரு வரி. ஆனால் ‘ஒவ்வோர் இரவும்’ என்ற சொற்களுக்குள் ஓராயிரம் இரவுகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கமெராவுக்கு ‘ஒவ்வோர் இரவும்’ என்ற சொல் தெரியாது. அது ஓர் இரவைத்தான் காட்டும். இந்தப் பெண், இந்தத் திண்ணை, இன்றைய இருள். அப்படியானால் ஆயிரம் இரவுகளை எப்படிக் காட்டுவது? மோசமான இயக்குநர் பாக்கியத்தைப் பேச வைப்பார்: “இப்படித்தானே அக்கா, எத்தனை வருசமா நான் கண்முழிச்சிக் கிடக்கிறன்” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் அவள் சொல்லுவாள். நல்ல இயக்குநர் அரிக்கன் லாம்பின் சிமினியைக் காட்டுவார். துடைத்துத் துடைத்து நடுவில் தெளிந்து, விளிம்பில் மட்டும் பல காலத்துக் கரி ஏறியிருக்கும் கண்ணாடி. அவளது விரல் இருட்டிலும் தடுமாறாமல் திரியை இறக்கும். அந்த விரலின் பழக்கத்தில் ஆயிரம் இரவுகளும் தெரிந்துவிடும். நாவலில் அந்தச் சிமினி இருந்திருக்காது. ஆனாலும் நாவலுக்கு உண்மையாக நடந்துகொண்டவர் இந்த இரண்டாமவர்தான்.

இதே காரணத்தால், உள்ளத்தில் நடப்பதை எழுத்து நேராகச் சொல்லிவிடலாம்; படம் அதை முகத்திலோ, பொருளிலோ, ஒலியிலோ, மௌனத்திலோ தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தில் ‘ஒரு மரம்’ என்றால் வாசகர் தமக்குத் தெரிந்த மரத்தை நட்டுக்கொள்வார். வாகரைக்காரர் ஒன்றை, பொத்துவில்காரர் இன்னொன்றை. படத்தில் அது ஒரே மரம், ஒரே முகம். வாசகர் தம் மனத்தில் வரைந்து வைத்திருந்த முகத்தை நடிகர் ஒருவர் வந்து அழித்துவிடுகிறார் என்ற வருத்தம் இங்கிருந்துதான் பிறக்கிறது. குந்தவையையும் வந்தியத்தேவனையும் பொறுத்தவரை அந்த வேலையைக் கல்கி இதழில் ஓவியர் மணியத்தின் கோடுகள் முன்னரே ஓரளவு செய்துவிட்டன. என் தலைமுறையில் பலருக்குக் குந்தவை என்றால் இன்னும் அந்தக் கொண்டைதான்.

இவ்வளவையும் ஒருசேர விளங்கிக்கொள்ள எனக்கு உதவிய படம் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955). விபூதிபூஷண் பந்தோபாத்தியாய 1929இல் நூலாக வெளியிட்ட வங்க நாவல் அதன் மூலம். ராய் அப்போது விளம்பரத் துறை ஓவியர். அந்த நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்தபோதுதான் இதைப் படமாக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. நாவலில் அப்புவும் அவனுடைய அக்கா துர்காவும் ரயிலைப் பார்க்க ஆசைப்பட்டு ஒரு நாள் வெகுதூரம் ஓடுகிறார்கள். ஆனால் பார்க்காமலே திரும்புகிறார்கள். பின்னர் காய்ச்சலில் கிடக்கும் துர்கா, தனக்குச் சுகமானதும் ஒரு நாள் ரயிலைக் காட்டுவாயா என்று தம்பியிடம் கேட்கிறாள். அவளுக்குச் சுகமாகவே இல்லை. அந்தக் கேள்வியை வாசித்தவர்கள் அதை மறப்பதில்லை.

ராய் என்ன செய்தார்? நாவலில் நடக்காததையே நடக்க வைத்தார். வெள்ளை நாணற்பூக்கள் ஆளுயரம் வளர்ந்த வெளியில் பிள்ளைகள் இருவரும் அலைகிறார்கள். தந்திக் கம்பத்தில் காதை வைத்து அதன் ரீங்காரத்தைக் கேட்கிறார்கள். கரும்பு மெல்லுகிறார்கள். பிறகு பூக்களின் வெண்மைக்கு மேலாகக் கரும்புகை தெரிகிறது, அப்பு ஓடுகிறான், ரயில் திரையைக் குறுக்காக அறுத்துக்கொண்டு போகிறது. அந்தக் காட்சியின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு ராய் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, மாடுகள் நாணற்பூக்களைத் தின்று தீர்த்திருந்தன. மிச்சத்தை எடுக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வேறோர் இடத்தில் எப்படியாவது எடுத்து முடித்திருக்கலாம். அவர் காத்திருந்தார், ஏனென்றால் அந்தக் காட்சியில் பூக்கள்தான் எழுத்து.

நாவலை வேதமாகக் கொள்பவர் இதைக் குற்றம் என்பார்: ரயிலைக் காணாமலே துர்கா போனதில் அல்லவா துயரம் இருக்கிறது, அதைக் காட்டிவிட்டால் துயரம் போய்விடுமே என்று. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எழுத்தில் ‘காணவில்லை’ என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். படத்தில் இல்லாத ரயிலை எப்படிக் காட்டுவது? வெறும் வயல்வெளியைக் காட்டினால் அது வெறும் வயல்வெளிதான். எனவே ராய் அந்த ஏக்கத்தை நமக்கே ஊட்டிவிடுகிறார்: ரயில் வந்தது, சில விநாடிகளில் போய்விட்டது, புகை கலைந்த பிறகு எங்கோ பெரிய உலகமொன்று இருக்கிறது என்ற நினைவு மட்டும் எஞ்சுகிறது. பின்னர் துர்கா இறக்கும்போது நமது நெஞ்சில் வந்து மோதுவது அந்தப் புகைதான். நிகழ்ச்சி தலைகீழாகியிருக்கிறது, நாவல் தந்த வலி மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது.

நமது நாட்டிலேயே இதற்கு ஈடான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் எழுதிய ‘கம்பெரலிய’ நாவலை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் படமாக்கினார். திரைக்கதை ரெஜி சிறிவர்தன எழுதியது. தென்னிலங்கைக் கிராமமொன்றில் பழைய பெருங்குடும்பமொன்று மெல்லச் சரிவதையும், புதிய வணிகப் பணத்தோடு பியல் என்ற இளைஞன் எழுவதையும், இருவருக்கும் இடையில் நந்தா என்ற பெண் நிற்பதையும் சொல்லும் கதை. நாவல் அந்தச் சமூக மாற்றத்தை விரிவாக எடுத்துச் சொல்கிறது. படம் ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து, உண்மையான பழைய வீட்டுக்குள் கமெராவை வைத்துக்கொண்டு, பாட்டும் ஆட்டமும் இல்லாமல் பெரும்பாலும் மௌனத்திலேயே அதைச் சொன்னது. 1965இல் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் அதற்குத் தங்க மயில் விருது கிடைத்தது. சிங்களம் தெரியாதவர்களும் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. அந்த வீட்டின் நிலைகளும் தூண்களும் பேசும் மொழிக்கு மொழிபெயர்ப்பு அதிகம் தேவைப்படாது. தமிழில், செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978இல் பிரேம்நாத் மொறாயஸின் இயக்கத்தில் ஈழத்துப் படமாக வந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். நமது கடற்கரைகளின் வாழ்வை நாமே படமாக்கிப் பார்க்க முயன்ற காலம் அது.

எழுதியவரே தமது கதையை மாற்றுவதும் உண்டு என்பதை நினைவில் வைப்பது நல்லது. ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதையை 1966இல் எழுதினார். மழை நாளொன்றில் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்கிறாள். கதை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பின்னர் அதே ஜெயகாந்தன், அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கதறியிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்று கேட்டு, ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலை எழுதினார். 1972இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற அந்த நாவல், ஏ. பீம்சிங்கின் இயக்கத்தில், ஜெயகாந்தனின் திரைக்கதையோடு 1977இல் படமாயிற்று. கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. ஒரு கதைக்கு ஒரே ஒரு சரியான வடிவம்தான் உண்டு என்று அதன் ஆசிரியரே நினைக்கவில்லை.

இந்த உண்மையை மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழர்களுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. என் தாயாரின் ஊர் தம்பிலுவில். வைகாசியில் அங்குள்ள கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்து சடங்கு நடக்கும் நாட்களில், இரவில் கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரை என்ற நெடும்பாட்டைப் பாடுவார்கள். உடுக்கின் ஒலியோடு பாட்டு நீண்டு போகும். நான் தாயாரின் மடியில் தலை வைத்து, மணலின் குளிர் முதுகில் ஏற, பாதி கேட்டும் பாதி உறங்கியும் கிடப்பேன். அதில் கடலோட்டு காதை என்று ஒரு பகுதி வரும். கண்ணகியின் சிலம்புக்கு மணி தேடி மீகாமன் கப்பலேறிப் போவான். வெடியரசனோடு கடலில் போர் நடக்கும். பின்னர் பாடசாலையில் சிலப்பதிகாரம் படித்தபோது அந்தக் கப்பலை நான் தேடினேன். இளங்கோவடிகளின் முப்பது காதைகளிலும் அது இல்லை. வீட்டுக்கு வந்து, புத்தகத்தில் கப்பலே இல்லை, பாடுகிறவர்கள் பிழையாகப் பாடுகிறார்கள் என்று பெரிய கண்டுபிடிப்புப் போல் தாயாரிடம் சொன்னேன். அவர் அரிசி புடைப்பதை நிறுத்தாமலே, “அது புத்தகத்துக் கண்ணகி மகன். இது நம்மட அம்மன்” என்றார்.

அந்தக் கண்ணகி வழக்குரையைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதும் தெரியும், ஏன் மாறியிருக்கிறது என்பதும் தெரியும். சிலப்பதிகாரம் அரசர்களுக்கும் துறவிகளுக்கும் ஊழ்வினையைக் காட்டும் காப்பியம். அது வஞ்சிக் காண்டத்தில் இமயத்துக் கல்லோடும் சேரனின் வெற்றியோடும் முடிகிறது. நமது வழக்குரையோ, எரிந்து வந்த ஒரு தெய்வத்தின் சினத்தை ஆற்ற வேண்டும்; அவளைக் குளிர்வித்து, ஊருக்கு மழையும் சுகமும் கேட்க வேண்டும். அதனால் அது குளிர்த்தி என்னும் அந்தக் குளிர்விக்கும் சடங்கில் வந்து முடிகிறது. இளங்கோவின் சொல்லை மாற்றினார்கள் என்று யாரும் இங்கே வழக்குப் போட்டதில்லை. வேலை வேறு என்பதால் கதையின் உருவமும் வேறாயிற்று. மதுரையில் தனியாக நின்று நீதி கேட்ட ஒரு பெண்ணின் எரிச்சல் மட்டும் இரண்டிலும் ஒன்றேதான். வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் பாரதக் கதை ஆடப்படும்போதும் இதையே காண்கிறோம். கூத்தாடும் களரியில் நுழையும் அரசனின் வீரத்தை வியாசர் எத்தனை சுலோகங்களில் சொன்னார் என்று, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. பாத்திரம் களரிக்கு வரும்போது ஒலிக்கும் வரவுத் தாளக்கட்டில் அதை ஆட்டக்காரரின் காலுக்குக் கொடுத்துவிடுகிறார்.

ஆகவே நாவலும் படமும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கேட்பதைவிட, இந்த நாவல் தன் வாசகருக்கு என்ன செய்தது, அந்த வேலையைப் படம் தன் சொந்தக் கருவிகளால் செய்திருக்கிறதா என்று கேட்பதே பயனுள்ளது. இப்படிக் கேட்டால் எந்த மாற்றத்தையும் மன்னித்துவிடலாம் என்று பொருளாகாது. மாறாக, குற்றத்தை இன்னும் துல்லியமாகச் சுட்டிக்காட்ட முடியும்.

பூமணியின் ‘வெக்கை’யை (1982) எடுத்துக்கொள்வோம். ஒருவனின் கையை வெட்டத்தான் போன பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கொலைகாரனாகிவிட, தந்தையும் அவனும் காட்டிலும் கரட்டிலும் மறைந்து திரியும் சில நாட்கள்தாம் கதை. அவர்கள் சோறாக்குகிறார்கள், வேட்டையாடுகிறார்கள், பழைய கதைகளைப் பேசுகிறார்கள். கரிசல் நிலத்தின் வெக்கைக்குள் தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஒரு சினேகம் முளைக்கிறது. வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) அந்தத் தந்தைக்கு ஓர் இளமைக் காலத்தையும், நிலத்துக்கான பெரும் போராட்டத்தையும், ஒரு பேரழிவையும் கொடுத்தது. நாவலில் பையனின் கண்ணால் பார்த்த உலகம், படத்தில் தந்தையின் கதையாகிவிட்டது. தனுஷின் நடிப்பும் அந்தப் பகுதியின் சீற்றமும் என்னை உலுக்கின. ஆயினும், நாவலில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடும் அந்த அமைதியான பக்கங்களின் இடத்தை அரிவாள் பிடித்துக்கொண்டதை நான் இழப்பாகவே கருதுகிறேன். பயந்த மனிதர்கள் பசித்தபோது என்ன சமைத்தார்கள் என்பதில்தான் பூமணியின் பேரருள் இருந்தது.

இனி மணிமேகலைக்கு வருவோம். நாவலில் அவள் கடம்பூர்ச் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை. அண்ணன் வர்ணித்துச் சொன்னதிலிருந்தே வந்தியத்தேவன்மேல் மனத்தை வைத்தவள். சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் இறந்து கிடக்கும்போது பழி வந்தியத்தேவன்மேல் விழ, அவனைக் காப்பாற்றக் கொலையைச் செய்தவள் தானே என்று சொல்கிறாள். கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி திட்டமாகச் சொல்லவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அவனுடைய பழைய காதலி நந்தினி இருந்தாள், சதிகாரர்கள் இருந்தார்கள், நந்தினியின் முதிய கணவர் பெரிய பழுவேட்டரையர் இருந்தார், இருள் இருந்தது. வாசகர் இன்றுவரை விவாதிக்கலாம். அந்த இருளுக்குள்தான் மணிமேகலையின் பொய் வாக்குமூலத்துக்கு இடமிருந்தது.

படத்துக்கு அந்த இருள் கிடைக்கவில்லை. கரிகாலனாக விக்ரமும் நந்தினியாக ஐஸ்வர்யா ராயும் நேருக்கு நேர் நிற்கும் அந்த அறைக்குள் கமெரா நுழைந்தாக வேண்டும். ஆண்டுக்கணக்காக ஒருவரையொருவர் எரித்துக்கொண்டிருந்த இரண்டு பேரின் கடைசிச் சந்திப்பைக் காட்டாமல் விட்டால் பார்வையாளர் மன்னிக்கமாட்டார். மணிரத்னம் அதையே தம் இரண்டு படங்களின் நடுத்தூணாகவும் வைத்தார்: நாவலில் கரிகாலன் தன் பழைய காதலை நண்பன் பார்த்திபேந்திரனிடம் வாய்விட்டுச் சொல்கிறான்; இரண்டாவது படமோ அந்த இளமைக் காதலை முதலிலேயே காட்சியாகத் திறக்கிறது. அது நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு தேர்வு இன்னொன்றை இழுத்துக்கொண்டு வரும். கண்ணால் பார்த்த சாவில் மர்மம் தேய்கிறது. மர்மம் தேய்ந்தால் பொய் வாக்குமூலம் சொல்ல ஒருத்தி தேவைப்படமாட்டாள். ஆகவே மணிமேகலையை யாரோ மறந்துவிடவில்லை. கரிகாலனின் அறைக் கதவைத் திறந்தபோதே அவள் வெளியே போய்விட்டாள்.

அவள் போனதால் எது போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். நாவலின் ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாக சிகரம்’ என்று பெயர். அருள்மொழிவர்மர் கைக்கு வந்த மணிமுடியை மதுராந்தகருக்கு விட்டுக்கொடுப்பதை அந்தச் சிகரமாகக் கொள்வது எளிது. படம் அங்கேதான் முடிகிறது. கல்கி அங்கே முடிக்கவில்லை. ‘மலர் உதிர்ந்தது’ என்ற கடைசி அத்தியாயத்தில், சித்தம் கலங்கிப்போன மணிமேகலை வந்தியத்தேவனின் மடியில் உயிர்விடுகிறாள். அரியணைக்கு அருகில்கூட வராத ஒரு பெண்ணிடம், அவளது காதலுக்குப் பதிலாக எதுவும் பெறாத ஒரு பெண்ணிடம், இத்தனை பெரிய கதையைக் கல்கி கொண்டுபோய் ஒப்படைத்தார். இளவரசனின் தியாகத்தை ஊர் கொண்டாடும். இவளது தியாகத்தை அறிந்தவன் ஒருவன்தான். அந்த நிழல் இல்லாமல் முடிசூட்டு விழாவின் ஒளி எனக்குச் சற்றுத் தட்டையாகவே படுகிறது. மற்றொரு பெரிய இழப்பு கல்கியின் குரல். நேயர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போய், நடுவழியில் நிறுத்திச் சரித்திரம் சொல்லி, பிறகு குதிரையைத் தட்டிவிடும் அந்தக் குரலே நாவலின் மிகப் பெரிய பாத்திரம். படத்தின் தொடக்கத்தில் கமல்ஹாசனின் குரல் பின்னணி சொல்கிறது. ஆனால் அது நம்மோடு கூட நடந்து வருவதில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் எதை முதலில் நாட வேண்டும் என்றும் என்னிடம் கேட்கிறார்கள். முடிந்தால் நாவலை முதலில் வாசியுங்கள். முகங்களை நீங்களே வரையும் உரிமை ஒரு முறைதான் கிடைக்கும். படத்தை முதலில் பார்த்துவிட்டால் குடி முழுகிவிடாது. அந்த மாணவியைப் போல் படமே உங்களை நூலகத்துக்கு அனுப்பிவைக்கலாம். படம் பார்க்கும்போது கையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு, நாவலில் இல்லாத ஒரு பொருளோ ஒலியோ தென்படும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விடுபட்டவை எல்லோர் கண்ணிலும் படும். சேர்க்கப்பட்டவற்றில்தான் இயக்குநர் நாவலை எவ்வாறு வாசித்தார் என்பது தெரியும்.

அதற்கடுத்த சனிக்கிழமை, ‘மலர் உதிர்ந்தது’ அத்தியாயத்தை ஒரு நிமிடக் காட்சியாக, உரையாடல் ஒரு சொல்லும் இல்லாமல் எழுதி வரும்படி எல்லோரிடமும் கேட்டிருந்தேன். அந்த மாணவி கொப்பித் தாள் ஒன்றில் முக்கால் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அறைக்குள் விளக்கு. வெளியே தெருவில் முடிசூட்டு விழாவின் மேளமும் ஆரவாரமும். மணிமேகலையின் முகம் ஒருமுறையும் காட்டப்படவில்லை. வந்தியத்தேவன் எழுந்திருக்கப் பார்க்கிறான். அவனது உத்தரீயத்தின் முனை அவள் தலைக்கு அடியில் அகப்பட்டிருக்கிறது. அதை இழுக்காமல் அவன் மறுபடியும் உட்கார்ந்துவிடுகிறான். நாவலில் அந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்லையே என்று நான் நினைவூட்டினேன். தெரியும் என்றாள். வெளியே கேட்கும் அந்த மேளச் சத்தம் எவ்வளவு நேரம் கேட்க வேண்டும், அதை நீ எழுதவில்லையே என்று கேட்டேன்.

“அவர் எழும்புற வரைக்கும் சேர்” என்றாள்.